வாரியத்தின் காது

சாயங்காலம் ஐந்து இருபதுக்கு டீச்சர் கண் விழிப்பாள். ஆறு மணி வாக்கில் மறுபடி மூடிக்கொள்வாள். நடுவில் இருக்கும் நேரம்தான் அவளுடைய நாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அசைந்தது. பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் தப்பாக வாசித்தால் திட்ட மாட்டாள். விரலைத் தூக்குவாள். அவ்வளவுதான். இப்போதும், கணவர் கிளாரினெட்டில் சுருதி தவறினால் அந்த விரல் எழும்பும். வேறு எதற்கும் எழும்பாது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். எழும்பவில்லை.

"உள்ளதான் இருக்காங்க," என்றார் டாக்டர். "தினமும் வாசிங்க. நிறுத்திட்டீங்கன்னா அந்த வழியும் அடைச்சுக்கும்."

அவரால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வாசிக்க முடிந்தது. மற்ற நாட்களில் வேலை முடிந்து வீடு சேர ஆறு இருபது ஆகிவிடும். அதற்குள் டீச்சரின் நாள் முடிந்திருக்கும்.

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் பெயர் காதுக்காரர். விடியற்காலையில், வண்டிகள் ஓடத் தொடங்குமுன், ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி மறுமுனையில் வலது காதை வைப்பார். கீழே குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்வார். அங்கே தோண்டுவார்கள். பெரும்பாலும் ஒழுகும். சில நாள் ஒழுகாது. அப்போது எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள். இடது காது உதவாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பம்பு அறையில் போட்டிருந்தார்கள். அந்தப் பம்பு இன்றும் அந்தக் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வேலை அவருக்குப் பிடிக்கும். கிளாரினெட்டும் பிடிக்கும். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் டீச்சர், கருவியும் அவளுடையதுதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் விடியலில் அவருடன் தெருவுக்கு வந்து, கம்பியில் காதை வைத்துக் கேட்டாள்.

"என்ன கேக்குது?" என்றார்.

"உங்க குழாய் சுருதி இறங்கிப் பாடுது," என்றாள். "யார் சொல்லிக்கொடுத்தாங்களோ, தெரியல."

அங்கே தோண்டியபோது மூட்டு விட்டிருந்தது.

*

அந்த ஆண்டைப் பன்முக ஆர்வ ஆண்டு என்று வாரியம் அறிவித்தது. வாசலில் துணிப்பதாகை கட்டினார்கள். ஒவ்வோர் ஊழியருக்கும் வேலையைத் தவிர இரண்டாவதாக ஓர் ஆர்வம் இருக்க வேண்டும். இருந்தால், அதைப் பயில மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போகலாம்.

ஒரு மணி நேரம். காதுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஐந்து இருபதுக்கு வீட்டில் இருக்கலாம்.

"வாயக் கொடுத்து மாட்டிக்காதய்யா," என்றார் பம்பு ஆபரேட்டர். அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். "வாரியம் ஒண்ணக் குடுத்தா அதுக்குப் பின்னால கையெழுத்து வாங்க ஒரு ஆள் நிப்பான்."

"எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேணும்."

"அப்ப வயித்துவலின்னு சொல்லிட்டுப் போ. கிளாரினெட்டுன்னு சொல்லாத."

காதுக்காரருக்குப் பொய் வராது. போய்ச் சொன்னார்.

திட்டத்தைக் கவனிக்க ஆர்வ அதிகாரி என்று ஒருவரை நியமித்திருந்தார்கள். அதற்கு முன்பு மீட்டர்களுக்கு முத்திரை வைக்கும் பிரிவில் இருந்தவர். அங்கே நல்ல பெயர். அவர் வைத்த முத்திரையை யாரும் உடைத்ததில்லை.

"கிளாரினெட்டா? ஏற்கெனவே வாசிக்கறீங்களா?"

"ஆமா சார். கல்யாணம் ஆனதுலருந்து."

அதிகாரியின் முகம் சுருங்கியது. "இந்தத் திட்டம் ஆர்வம் இல்லாதவங்களுக்கு. ஆர்வத்த நாங்க ஒதுக்குவோம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, எல்லாருக்கும் நியாயமா. நீங்க சொந்தமா ஒண்ண வச்சுக்கிட்டு வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"தெரியாம வச்சுக்கிட்டேன் சார்."

"வீட்ல கேட்டுச் செஞ்சிருக்கலாம். எங்களக் கேட்டும் செஞ்சிருக்கலாம்." அதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி, விசேஷமா எடுத்துப் பாக்கறோம்."

மற்றவர்களுக்குக் குலுக்கல் நடந்தது. கணக்கருக்கு ஓவியம் வந்தது. பூக்கள் வரைந்தார், கீழே கோடு போட்டு எத்தனை பூ என்று மொத்தம் எழுதினார். காவலாளிக்குப் பறவை பார்த்தல். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் வாரியத்தின் இரும்புக் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். என்ன பறவை என்று காவலாளி சரியாகச் சொன்னதால் நடவடிக்கை இல்லை. ஸ்டோர் கீப்பருக்கு நீச்சல். பம்பு ஆபரேட்டருக்கு மலையேற்றம். ஊரில் மலை இல்லை. வாரம் ஒருமுறை மேல்நிலைத் தொட்டியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். முதல் வாரம் கயிறு, கொக்கி எல்லாம் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறினார்.

*

காதுக்காரரின் விசேஷத்தை மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆர்வ அதிகாரி நடுவில்.

"இரண்டாவது ஆர்வத்துக்கு வாரியப் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது. விதி," என்றார் அதிகாரி. "கிளாரினெட் யாருது?"

"என் வீட்டம்மாவோடது."

"வாய்?"

"என்னுது சார்."

"காது?"

"காதா சார்?"

"மாசாமாசம் உங்களுக்குக் காதுப் படி வருது. சைக்கிள் வச்சிருக்கறவருக்குச் சைக்கிள் படி மாதிரி. வாங்கறீங்களா, இல்லையா?"

"வாங்கறேன் சார்." இரண்டு டீக்குக் காணாத தொகை.

"ஆக அந்தக் காதை இத்தனை வருஷமாப் பராமரிக்கறது யாரு?"

"வாரியம்."

"நீங்களே சொல்லிட்டீங்க," என்றார் அதிகாரி. "நான் எதுவும் சொல்லல."

காதுக்காரர் வலது காதைத் தொட்டுப் பார்த்தார். வழக்கம்போலத்தான் இருந்தது.

"எந்தக் காதுக்குன்னு போட்டிருக்கு?" என்று மூன்று பேரில் ஒருவர் கேட்டார்.

"கம்பி வைக்கற காதுக்கு. வலது."

"அப்ப இடது காது அவரோடதுதான். அதுல குறுக்கிட நமக்கு உரிமை இல்ல."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் அதிகாரி, பெருந்தன்மையோடு. "இடது காதால நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க. நாங்க யாரு தடுக்க?"

அனுமதி கிடைத்தது. வேலை முடிந்ததும் ஸ்டோர் கீப்பர் முன்னிலையில் வலது காது மூடப்படும். மெழுகு வைத்து, தலையைச் சுற்றி நாடா கட்டி, நாடாவின் முனையில் ஈய முத்திரை. மீட்டர்களுக்கு வைக்கிற அதே முத்திரை. காலையில் அவர் முன்னிலையிலேயே உடைக்கப்படும். தானாக உடைத்தால் மீட்டர் முத்திரையை உடைத்ததற்கு என்ன தண்டனையோ அதுதான். வேலை போகும். டீச்சரின் மருந்து வாரியத்து ஆஸ்பத்திரி அட்டையில்தான் வந்துகொண்டிருந்தது.

முதல் நாள் ஸ்டோர் கீப்பர் நாடாவை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். "ஆளுக்கு வச்சுப் பழக்கமில்ல," என்றார். "வலிச்சாச் சொல்லுங்க. மீட்டர் சொல்லாது பாருங்க, அதான்."

பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் அந்த ஈயத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஆபரேஷனா?" என்று கேட்டார்.

"ஆர்வம்," என்றார் காதுக்காரர்.

வீட்டில் மச்சினி கதவைத் திறந்தாள். பகலில் அக்காவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"என்ன அத்தான் இது, தலையில தாலி?"

"வழி விடு. மணி என்ன?"

"ஐஞ்சு இருபது."

டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். அவர் கிளாரினெட்டை எடுத்து வாசித்தார். இடது காதில் பழைய பம்பு ஓடியது. அதற்கு மேலே, எங்கோ தூரத்தில், கிளாரினெட் மாதிரி ஒன்று. எந்தச் சுரம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. டீச்சரின் விரல் எழும்பியது. இறங்கியது. உடனே எழும்பியது. அன்றைக்கு அந்த விரலுக்கு ஓய்வே இல்லை.

"அக்காவ இப்படி வேலை வாங்கறீங்களே," என்றாள் மச்சினி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஒருநாள்கூட இத்தனை தடவை தூக்குனதில்ல."

அந்த வாரங்கள் நன்றாக இருந்தன. அவர் மோசமாக வாசித்தார். டீச்சர் விரலைத் தூக்கினாள். ஒருநாள், அவர் மிக மோசமாக வாசித்தபோது, அவளுடைய வாயோரம் கோணியது. சிரிப்பு என்றாள் மச்சினி. அவருக்கு வாரியத்தின்மேல் நன்றியாகக்கூட இருந்தது.

*

ஒரு மாலை, அவர் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது கடைத்தெருவில் பெரிய குழாய் வெடித்தது. வண்டி அனுப்பி அழைத்தார்கள். தெரு முழுக்கத் தண்ணீர். எங்கே வெடித்தது என்று மேலே இருந்து தெரியவில்லை. கம்பியை ஊன்றினார். பழக்கத்தில் வலது காதை வைத்தார். மெழுகு. இடது காதை வைத்தார். பம்பு.

"ஸ்டோர் கீப்பர் எங்க?"

நீச்சல் குளத்தில் என்றார்கள். ஓடினார்.

குழாய் வெடித்ததால் குளத்துக்கு வரும் தண்ணீர் நின்றிருந்தது. அன்றுதான் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டிய நாள். வெறும் குளத்தின் நடுவில், நீச்சல் உடையில், ஸ்டோர் கீப்பர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார்.

"முத்திரைய உடைங்க! கடைத்தெருவுல லைன் வெடிச்சிருச்சு!"

"ஆறு மணிக்கு வருகை எடுப்பாங்க," என்றார் ஸ்டோர் கீப்பர், கையை நிறுத்தாமல். "நடுவுல ஏறினா ஆர்வமின்மைன்னு எழுதிடுவாங்க."

"குளத்துல தண்ணியே இல்லையே?"

"கண்ணு தெரியுது. இருந்தா நீந்தியிருக்க மாட்டேனா?"

"அண்ணே, தெரு போயிடும்."

ஸ்டோர் கீப்பர் அழுதுவிடுவார் போல இருந்தது. "என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? எனக்குத் தண்ணின்னாலே பயம். சீட்டுல நீச்சல் வந்துச்சு. இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கேன்."

ஆறு மணிக்கு அவர் ஏறி வந்து முத்திரையை உடைப்பதற்குள் தெரு உள்வாங்கி ஒரு லாரியின் முன் சக்கரங்கள் மண்ணுக்குள் போயிருந்தன.

விசாரணை வைத்தார்கள். அதே மூன்று பேர்.

"முத்திரைய நீங்களே ஏன் உடைக்கல?"

"உடைச்சா வேலை போகும்னு சார்தான் சொன்னீங்க."

"சரியாத்தான் சொன்னேன்," என்றார் ஆர்வ அதிகாரி. "உடைச்சிருந்தா உங்க வேலை போயிருக்கும். உடைக்காததால தெரு போச்சு. எந்த வழியில வந்தாலும் கடைசியில கிளாரினெட்டுலதான் வந்து நிக்குது. கவனிச்சீங்களா?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"நான் மனுஷனாக் கேக்கறேன். எதுக்கு ரெண்டு? ஒண்ண விட்டுடுங்களேன். எது முக்கியம் உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒரே வேலை மாதிரிதான் சார். கேக்கறது."

"எழுதிக்கோங்க," என்றார் அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம். "ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியலன்னு ஒத்துக்கறாரு."

கிளாரினெட் சாட்சிப் பொருளாக ஸ்டோருக்குப் போனது. விசாரணை முடியும்வரை அவர் எந்தக் கருவியையும் வாசிக்கக் கூடாது. ஒரு மணி நேரச் சலுகை ரத்து. முத்திரை மட்டும் தொடர்ந்தது. வைப்பதற்கு உத்தரவு இருந்தது, நிறுத்துவதற்கு இல்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டுமாவது குடுங்க சார்," என்று அதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டார். "அவங்க சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் முழிச்சிருப்பாங்க. அது சத்தம் கேட்டாத்தான்..."

"சாட்சிய வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்க." அதிகாரி உண்மையாகவே வருந்தினார். "என் நிலைமைல நீங்க இருந்தா அனுப்புவீங்களா?"

*

ஞாயிற்றுக்கிழமை அவர் சீட்டியடித்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. விரல் பாதி எழும்பி நின்றது. அடுத்த ஞாயிறு அசையவில்லை. மச்சினி வானொலியை வைத்துப் பார்த்தாள். அதில் தப்பே வரவில்லை. விரலுக்கு வேலை இல்லை.

"ஐஞ்சே முக்காலுக்குத்தான் கண்ணத் தொறந்தா இன்னிக்கு," என்பாள் மச்சினி, அவர் செருப்பைக் கழற்றும்போது. பிறகு ஒருநாள், "தொறந்தா. ஆனா என்னப் பாக்கல அத்தான்." பிறகு அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை.

விடியலில் கம்பியில் காதை வைக்கும்போது தெருவின் கீழே குழாய்கள் சுருதி இறங்கிப் பாடின. அவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். அந்த இடத்தில் தோண்டுவார்கள்.

ஆண்டு முடிவில் விழா வந்தது. காதுக்காரருக்குக் கேடயம் என்று சொன்னார்கள். வாரியத்தில் உண்மையாக ஓர் ஆர்வம் இருந்தது அவருக்கு மட்டும்தான் என்று அறிக்கை தயாரித்தபோது தெரியவந்தது. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிளாரினெட்டை வைத்திருந்தார்கள். அதில் இன்னும் சாட்சிச் சீட்டு தொங்கியது. காதுக்காரர் பக்கத்தில் நின்றார். விழாவுக்காக அன்று மதியமே வேலை நேரம் முடிந்துவிட்டதால் காதில் முத்திரை இருந்தது. ஸ்டோர் கீப்பர் அன்றைக்குப் புது நாடா கட்டியிருந்தார்.

வாரியத் தலைவர் பேசினார்.

"உங்களுக்கு ரெண்டாவது ஆர்வம் என்னன்னு என்னைப் பலபேர் கேக்கறாங்க. முதல் ஆர்வம் என்னன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா நானும் தேடிப் பாத்திருப்பேன். தலைமைங்கறது அதுதான். இந்த வருஷம் வெறும் ஆர்வமா ஏழு குழு அமைச்சோம். இதோ, இந்தக் கிளாரினெட்டப் பாருங்க. ஒரு தூசி இல்ல. ஒரு கீறல் இல்ல. வாரியத்துகிட்ட குடுத்த பொருள் இப்படித்தான் இருக்கும். ஒரு வீட்ல இருந்திருந்தா யாராவது எடுத்து ஊதி, எச்சில் பண்ணி, தேய்ச்சிருப்பாங்க."

கைதட்டல்.

"அடுத்த ஆண்டு ஒருமுக ஆண்டு. ஒரே வேலை, ஒரே கவனம். எல்லாரும் அவங்கவங்க ரெண்டாவது ஆர்வத்த இன்னிக்கே ஒப்படைச்சிடணும்."

பதாகையைக் கழற்றித் திருப்பிக் கட்டினார்கள். பின்பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தது.

ஆண்டு முடிந்ததால் விசாரணையும் முடிந்தது. கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசலில் பம்பு ஆபரேட்டர் கயிற்றையும் கொக்கியையும் ஒப்படைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"போச்சுய்யா," என்றார்.

"தொல்லை விட்டுதுன்னு நீ சந்தோஷமா இருப்பேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." பம்பு ஆபரேட்டர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "இத்தனை வருஷம் அந்தக் கொட்டகைக்குள்ள சத்தத்துலயே கெடந்தேன். மேல போய் நின்னா ஒரு சத்தமில்ல. ஊரே தெரியும். உன் வீட்டு மாடிகூடத் தெரியும். இனிமே ஏறினா அத்துமீறல்னு சொல்றாங்க." மூக்கை உறிஞ்சினார். "நீ போ. மணி ஆகுது."

*

வீடு வந்தபோது ஐந்து இருபது. மச்சினி கதவைத் திறந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். தலையில் இருந்ததையும் பார்த்தாள்.

"முழிச்சிருக்காளா?"

"கண்ணு தொறந்திருக்கு," என்றாள்.

அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்தினார். உதட்டில் வைத்தார். எடுத்துவிட்டார்.

"கத்திரிக்கோல் குடு."

"அத்தான், வேலை..."

"குடு."

நாடாவை வெட்டினார். ஈயம் தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. விரலால் மெழுகைத் தோண்டி எடுத்தார். சுவர்க்கடிகாரம் கேட்டது. பின்கட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. டீச்சரின் மூச்சு கேட்டது.

வாசித்தார். அவள் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தது. எப்போதும் மூன்றாவது வரியில் வழுக்குவார், விரல் எழும்பும். இன்று வழுக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. அவருக்கே தெரிந்தது.

விரல் போர்வையின் மேல் கிடந்தது.

சரியாக வாசித்தால் அது எழும்பாதுதான். மச்சினி வாசற்படியிலேயே நின்றாள்.

மறுபடி எடுத்தார். மூன்றாவது வரி வந்தது. வேண்டுமென்றே வழுக்கினார். அந்தச் சுரத்தைக் கீழே இழுத்து, தெருக்குழாய்போல, நீளமாகப் பிடித்தார். சுவரெல்லாம் கூசியது. மூச்சு தீரும்வரை பிடித்துவிட்டு, கிளாரினெட்டை மடியில் வைத்தார். விரலைப் பார்த்தார். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. குனிந்து, வலது காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"இது தப்புதானே, டீச்சர்?"